ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

தோட்டத்தை நடத்தும் துரையின் கார்ச் சத்தம் தூரத்தில் கேட்டாலே எங்கள் கால்கள் கானுக்குள் இறங்கிவிடும். கான் என்றால் தோட்டத்து ரோட்டோரம் மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் வாய்க்கால். கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்ணோ, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையோ, ரோட்டில் யார் நடந்தாலும் துரை வந்தால் இறங்கிவிட வேண்டும். குடை இருந்தால் மடக்க வேண்டும். தலையில் துண்டு இருந்தால் அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, கார் வளைவில் மறையும் வரை அப்படியே நிற்க வேண்டும். இப்படிச் செய் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை. அம்மாவின் இடுப்பில் இருந்தபோதே அவரோடு சேர்ந்து இறங்கியிருப்பேன்.

இப்போது இதைச் சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "ஏன் தாத்தா எறங்குனீங்க? அங்கேயே நிக்க வேண்டியதுதானே" என்று கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. நிற்பது அத்தனை லேசாக இருந்திருந்தால், வாரத்தில் கிடைத்த ஒரே ஓய்வு நாளையும் விட்டுவிட்டு நாங்கள் அதைப் பழகியிருக்க மாட்டோம்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையின் மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கம். சுதந்திரம் வந்து, அந்தக் கையோடு எங்கள் ஜனங்களின் பிரஜா உரிமையும் வாக்கும் பறிபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்குப் பதினேழு வயது. தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்து, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் அட்டன் டவுனிலிருந்த படித்தவர்கள் சிலர் சேர்ந்து, தோட்டத்து வாலிபர்களுக்கு ஒரு பயிற்சி வட்டம் ஆரம்பித்தார்கள். தலைமை தாங்கப் பழக்குவது, நல்ல குணத்தை வளர்ப்பது என்றெல்லாம் பேசினார்கள். துரை சம்மதித்ததற்குக் காரணம் வேறாக இருந்திருக்கும். வாலிபர்கள் கள்ளுத் தவறணைக்கும் தொழிற்சங்கக் கூட்டத்துக்கும் போகாமல் ஒரு இடத்தில் அடங்கிக் கிடந்தால் அவருக்கு நல்லதுதானே.

பெண்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுமையாகக் கிடக்கும். அதன் முன்னால் இருந்த சின்னத் தரைதான் எங்கள் மைதானம். விடியற்காலையில் தொழிலாளர்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பேர். நாங்கள் ஓய்வு நாளிலும் வரிசையாக நிற்பதைப் பார்த்த, லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள், "என்னா தம்பிகளா, ஞாயித்துக்கெழம பெரட்டுக்குக் கெளம்பியாச்சா?" என்று கேலி செய்தார்கள். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

பழக்க வந்தவர் அட்டனில் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு யாழ்ப்பாணத்து இளைஞர். எங்களைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். "தலையை நிமித்துங்கோ. கதைக்கேக்க ஆளின்ரை முகத்தைப் பாருங்கோ" என்பார். நாங்கள் அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே "சரிங்க சேர்" என்போம். கயிற்று முடிச்சு, காயத்துக்குக் கட்டுப் போடுவது, எலும்பு முறிந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது எல்லாம் சீக்கிரம் பிடிபட்டன. தலைமைதான் பிடிபடவில்லை.

ஒவ்வொரு வாரமும் ஒருவன் தலைவனாக இருக்க வேண்டும் என்பது வட்டத்தின் விதி. தலைவன் வேலையைப் பிரித்துக் கொடுத்து, செய்து முடிக்க வைக்க வேண்டும். தலைவனானதும் எல்லாரும் செய்தது ஒன்றுதான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எங்களை வேலை வாங்கும் பெரிய கங்காணியைப் போலக் கத்தினோம். "டேய், என்னாடா மசமசன்னு நிக்கிற, தூக்குடா" என்று நேற்றுவரை தோளில் கை போட்டுத் திரிந்தவனையே ஏசினோம். கட்டளை என்றால் ஏச்சு என்றுதான் எங்களுக்குத் தெரியும். வேறு மாதிரி ஒரு கட்டளையை எங்கள் காது கேட்டதே இல்லை.

ஒருவன் மட்டும் அப்படிச் செய்யவில்லை. கீழ் லயத்தில் இருந்தவன், என் கூட்டாளி. எங்களில் உயரமானவன், அதிகம் பேசாதவன். அவன் முறை வந்தபோது எங்களைச் சுற்றி ஒரு தரம் பார்த்துவிட்டு, "நீ அந்தத் தலப்ப புடி. நீ இந்தப் பக்கம் வா. பாரமா இருந்தா சொல்லு, மாத்திவிடுறேன்" என்றான். அவ்வளவுதான். பாரமாக இருந்தால் சொல்லு என்று அதற்கு முன் என்னிடம் யாரும் சொன்னதில்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது. அன்றைக்கு ஒரு பெரிய கல்லை உருட்டிப் போட்டோம், ஒருவரை ஒருவர் ஏசாமல். அதற்குப் பிறகு முறை யாருக்கு வந்தாலும், தலைவன் அவன்தான் என்று மனதுக்குள் எல்லாரும் வைத்துக்கொண்டோம்.

அவனுக்கு அம்மா அப்பா இருவரும் இல்லை. வளர்த்தது அக்கா. தம்பிக்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த பெண். கொழுந்து எடுப்பதில் வேகக்காரி, வாயும் வேகம்தான். தம்பி பயிற்சிக்குப் போவதில் அவருக்குப் பெருமை. வெளியில் மட்டும், "ஒரு நா லீவு, அதுலயும் போயி வரிசையில நிக்குதுங்க" என்று எங்களைக் கிண்டல் செய்வார்.

நோயாளிகளைத் தூக்கிச் செல்ல நாங்கள் ஒரு தூக்கு செய்தோம். இரண்டு சாக்குகளின் அடியைப் பிரித்து, இரண்டு நீளக் கம்புகளில் கோர்த்தால் தூக்கு. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். அதைப் பார்த்து லயத்தில் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அதுவரை நோயாளியைக் கம்பளியில் போட்டு, ஒற்றைக் கம்பில் கட்டி, இரண்டு பேர்தான் தூக்கிப்போவார்கள். "உசிரோட இருக்குறவங்கள நாலு பேரு தூக்குறதா? வெளங்குமா?" என்றார்கள். நாலு பேர் தூக்குவது பாடை மட்டும்தான். ஆனால் கம்பளியில் போட்டால் எலும்பு முறிந்த ஆள் சுருண்டு மடங்கிவிடுவார். இதை விளக்கி, பேசி, கெஞ்சித்தான் எங்களிடம் ஒரு நோயாளியைத் தருவதற்கு அவர்களைச் சம்மதிக்க வைத்தோம்.

முதல் நோயாளியாக வந்தது அவனுடைய அக்காவே.

தென்மேற்கு மழை விடாமல் பெய்துகொண்டிருந்த காலம். மேல் மலையில், செங்குத்தான சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர் கூடையோடு வழுக்கி விழுந்து, கீழே இருந்த கல்லில் போய் இடித்துக்கொண்டார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. நாங்கள் கவ்வாத்து மலையிலிருந்து ஓடினோம். அவன் அழவில்லை. பழகியபடி மூங்கில் வைத்துக் கட்டினான். "அக்கா, அசைக்காம கொண்டுபோயிருவோம். பயப்படாத" என்றான். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். எங்களை நம்பித்தான் அந்தச் சாக்கில் படுத்தார்.

டிஸ்பென்சரிக்கு இறங்கும் ரோடு குறுகலானது. ஒரு பக்கம் மலையை ஒட்டிக் கான், மறுபக்கம் தேயிலைச் சரிவு. முன்னால் சரிவுப் பக்கம் அவன், பின்னால் அதே பக்கம் நான். கான் பக்கம் மற்ற இரண்டு கூட்டாளிகள். இரண்டு கையாலும் கம்பைப் பிடித்து, ஒரே அடியாக நடந்து இறங்கினோம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது கீழ் வளைவில் துரையின் கார் வந்தது.

கான் பக்கம் இருந்த இரண்டு பேரும் கானுக்குள் இறங்கிவிட்டார்கள். யோசித்து இறங்கவில்லை. சுடுகிற பாத்திரத்தைத் தொட்ட கை பின்னால் வருவது போல இறங்கினார்கள். தூக்கு அந்தப் பக்கம் சாய்ந்தது. நான் இறங்கவில்லை என்பதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, என் பக்கத்தில் கான் இல்லை. சாய்ந்த தூக்கை நானும் அவனும் இழுத்துப் பிடித்திருந்தால் நின்றிருக்கும். அவனும் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் ஒரு கை கம்பை விட்டுவிட்டுத் தலைக்குப் போயிற்று. துண்டை அவிழ்த்தான். அக்கா உருண்டு கானுக்குள் விழுந்தார்.

அவர் போட்ட அலறலை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது.

கார் நின்றுவிட்டிருந்தது. எங்களுக்கு வழிவிடத்தான் துரை அதை ஓரமாக நிறுத்தியிருந்தார். அது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, அவருடைய தோட்டத் தமிழில், "ஏன் போட்டது? யாரு கீழ போகச் சொன்னது?" என்று கேட்டார். மழையில் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றோம். லொறி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அனுப்பவும் செய்தார்.

யார் சொன்னது என்றா கேட்டார்? என் அப்பா காலத்தில் கானுக்குள் இறங்காமல் நின்ற ஒருவரை அப்போதைய துரை காரை நிறுத்திப் பிரம்பால் அடித்திருக்கிறார். இன்னொரு குடும்பத்துக்குத் தோட்டத்துப் பதிவிலிருந்து பேரை வெட்டி, லயத்தை விட்டே வெளியேற்றியிருக்கிறார்கள். இந்தத் துரை அடிக்காதவர்தான். ஆனால் வந்த நாளிலிருந்து எங்கள் ஜனங்கள் கானுக்குள் நிற்பதைப் பார்த்துக்கொண்டுதானே தினமும் போனார்? இனி இறங்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்கு அது கண்ணிலேயே படவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கேள்விக்காக அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாகியிருந்தது. எலும்பு விலகிச் சேர்ந்துவிட்டது என்றார்கள். மலையில் விழுந்தபோதே விலகியதா, கானில் விழுந்தபோது விலகியதா என்பது யாருக்குத் தெரியும். அவன் கானில்தான் என்று முடிவு செய்துகொண்டான். இனி அவர் மலை ஏற முடியாது. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போட்டார்கள். சம்பளம் குறைந்தது. வந்திருந்த ஒரு வரனும் நின்றுபோயிற்று.

அவன் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டான். நான் போய்க் கூப்பிட்டபோது, "என்னா தலைம வேண்டிக்கெடக்கு. என் கை என் பேச்சையே கேக்கல. ஒங்களயெல்லாம் எப்படிக் கேக்க வைக்கிறது?" என்றான். அவன் இல்லாமல் வட்டம் கலகலத்துப் போயிற்று. சிலர் தவறணைக்கே திரும்பினார்கள். அட்டனிலிருந்து வருகிறவரும் எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் முடிச்சுகளையே திரும்பத் திரும்பப் போட வைத்தார்.

கானுக்குள் இறங்கிய கூட்டாளிகளில் ஒருவன்தான் அந்த யோசனையைச் சொன்னான். "கட்டுப் போடப் பழகுனோம், தூக்கப் பழகுனோம். காரு வந்தா நடக்கப் பழகலியே" என்றான். கேட்டதும் சிரித்தோம். பிறகு செய்தோம். தூக்கில் ஒரு குடம் தண்ணீர் வைத்து ரோட்டில் நடந்தோம். எங்களில் ஒருவன் தொப்பி போட்டுக்கொண்டு வளைவிலிருந்து பாம் பாம் என்று வாயால் ஹார்ன் அடித்தபடி ஓடி வருவான். தண்ணீர் சிந்தாமல் நடுரோட்டில் நடக்க வேண்டும். பார்ப்பதற்குக் கூத்து மாதிரி இருந்திருக்கும். ஆனால் வருவது எங்கள் கூட்டாளி என்று தெரிந்தும், அந்தத் தொப்பியைக் கண்டதும் கான் பக்கம் தோள் திரும்பியது. குடம் கவிழ்ந்தது. முதல் நாள் சிரித்தோம். அடுத்த வாரமும் கவிழ்ந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

அக்கா இதைப் பிள்ளைக்காம்பராவின் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து சேர்ந்தார்.

"கொடத்த எறக்கி வைங்க. நான் படுக்குறேன், என்னைய வச்சுப் பழகுங்க" என்றார்.

"வேணாங்கக்கா" என்றேன் நான்.

"நாளைக்கு இன்னொருத்தி விழுவா. அவளையும் கானுக்குள்ள போடுவீங்களா?"

அவன் கையை உதறினான். "நான் ஒன்ன இனித் தூக்க மாட்டேன்."

"நீ தூக்காட்டி நானும் படுக்க மாட்டேன். இங்கனயே நிக்கிறேன். நொண்டிக் காலோட எவ்வளவு நேரம் நிப்பேன்னு பாரு" என்றார் அக்கா. அவர் நின்றார். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வந்து முன்கம்பைக் குனிந்து எடுத்தான். முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை.

அன்று முதல் அக்காதான் எங்கள் நோயாளி. அக்கா படுத்திருக்கும்போது கான் பக்கம் திரும்பும் தோளை இழுத்துப் பிடிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. குடத்திலிருந்து சிந்துவது தண்ணீர், இது அப்படி இல்லையே. மாதங்கள் ஆயின. கடைசியில் தொப்பிக்காரன் கத்தினாலும் துள்ளினாலும் நடை மாறாமல் நடந்தோம். ஆனால் அது பொய்த் துரை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நிஜத் துரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். பனி விலகி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தூக்கில் அக்கா, முன்னால் அவன். அதே ரோடு, அதே கீழ் வளைவு. ஹார்ன் சத்தம் கேட்டதும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது, இது வாயால் அடித்தது இல்லை என்று. சென்ற தடவை எங்களிடம் எலும்பு முறிந்த ஒருவர் இருந்தார். இப்போது சொல்லிக்கொள்ள அப்படி ஒரு காரணமும் இல்லை. பேரை வெட்டினால் லயத்தை விட்டுப் போக வேண்டும். போவதற்கு எங்களுக்கு இந்த நாட்டில் வேறு இடம் இல்லை.

"நடங்க" என்றான் அவன், சத்தம் போடாமல். "பாரமா இருந்தா சொல்லுங்க."

நடந்தோம். கார் நெருங்கியது. அப்போது தூக்கு ஆடியது. ஆட்டியது நாங்கள் இல்லை. அக்கா எழும்பப் பார்த்தார். கம்பைப் பிடித்துக்கொண்டு, "எறக்குங்கப்பா, தொர வாராரு. எறக்கி விடுங்க, நான் நின்னுக்கிறேன்" என்று பதறினார். எங்களை இத்தனை நாள் பழக்கியது அவர்தான். இறங்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றவரும் அவர்தான். அவருடைய உடம்பு மட்டும் எங்களோடு பழகவில்லை. தூக்கில் படுத்தே இருந்தவருக்கு இறங்காமல் இருக்கப் பழகும் முறை வரவே இல்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

"படுத்துக்கக்கா" என்றான் அவன், திரும்பாமல். "ஒன்ன எறக்க மாட்டோம்."

அவர் படுத்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். காரை ஒட்டி, கதவில் கம்பு உரசிவிடுகிற இடைவெளியில் நடந்து கடந்தோம். எங்கள் தலைத்துண்டுகள் தலையிலேயே இருந்தன. நான் காருக்குள் பார்த்தேன். துரை ஸ்டியரிங்கில் கை வைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கடந்ததும் கார் மேலே போயிற்று.

அன்று முழுவதும் எங்கள் வீடுகளில் ஏச்சு விழுந்தது. அம்மா சாமி படத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் பெரட்டில் போய் நின்றோம். துரை வந்தார். மழைக்கோட்டோடு நின்று கணக்கப்பிள்ளையிடம் ஏதோ பேசினார். கங்காணி பேர் கூப்பிட்டார். எங்கள் பேர்களும் வந்தன. கவ்வாத்து மலைக்குப் போகச் சொன்னார்கள். துரை மோட்டார் ஷெட்டுப் பக்கம் நடந்து போய்விட்டார்.

வேலை விட்டதும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினோம். அக்கா தூளியில் ஒரு குழந்தையைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பயந்துகொண்டே இருந்திருக்கிறார், முகம் வெளுத்திருந்தது.

"தொர என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலக்கா" என்றான் அவன்.

"கங்காணி?"

"அவரும் ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?"

அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் ஓடி வந்தோம். அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. தூளியை ஆட்டுவதை நிறுத்திவிட்டார்.

"ஒன்ன வயித்துல வச்சிக்கிட்டு, நெறமாசத்துல, அம்மா கானுக்குள்ள எறங்கி நிப்பாங்க. ஏறும்போது நான்தான் கையப் புடிச்சுத் தூக்கி விடுவேன்" என்றார். "அப்ப அது எதுக்குடா?"

அவன் அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.